யாருடைய வருஷம்?

மூன்றே மூன்று புள்ளிகள். கூடைப்பந்தில் வளைகோட்டுக்கு வெளியே நின்று எறிந்த பந்து ஒரே ஒரு தடவை கூடையில் விழுந்தால் கிடைப்பது. அமெரிக்காவில் டெட்ராய்ட் மெர்சி பல்கலைக்கழகத்தின் ஆன்டுவான் டேவிஸுக்கு 2023 மார்ச் 2 அன்று அந்த ஒரு பந்து விழவில்லை. யங்ஸ்டவுன் அணிக்கு எதிராக 22 புள்ளிகள் எடுத்தும் அவர் அணி 71-66 என்று தோற்றது. கல்லூரி வாழ்க்கையில் அவர் எடுத்த மொத்தப் புள்ளிகள் 3,664-ல் நின்றுபோயின. லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பீட் மாரவிச் 1970-ல் விட்டுச்சென்ற சாதனை 3,667. சீசன் முடிந்த பிறகு நடக்கும் சிறிய போட்டி ஒன்றுக்கு அழைப்பு வரும், அதில் ஆடி முந்திவிடலாம் என்று டேவிஸ் காத்திருந்தார். அழைப்பு வரவில்லை.

அவருக்காக அனுதாபப்பட்டவர்கள் உண்டு. ‘அப்பாடா’ என்று பெருமூச்சு விட்டவர்களும் உண்டு. காரணம் எளிது. மாரவிச் ஆடியது மூன்று சீசன், 83 ஆட்டங்கள். முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக்கூடாது என்பது அந்தக் காலத்து விதி. மூன்று புள்ளிக் கோடு என்ற ஒன்றே அப்போது கிடையாது. டேவிஸ் ஆடியது ஐந்து சீசன், 144 ஆட்டங்கள். (இரண்டு பேருக்கும் பயிற்சியாளர் சொந்த அப்பாதான் என்பது ஓர் ஒற்றுமை.) நான்கு வருஷம்தான் ஆடலாம் என்ற ஊரில் அந்த ஐந்தாவது வருஷம் எங்கிருந்து வந்தது? கொரோனா கொடுத்தது.

இன்னும் சரியாகச் சொன்னால், கொரோனாவைக் காரணம் காட்டி என்.சி.ஏ.ஏ. கொடுத்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைக் கட்டி ஆளும் தேசியச் சங்கம் அது. நம் நாட்டில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளுக்கு 25 வயது என்று வரம்பு இருப்பதுபோல அங்கே வயதைப் பார்ப்பதில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்கள். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருஷம், அதற்குள் நான்கு சீசன். காயம் பட்டாலோ, இன்னும் உடம்பு தேறட்டும் என்று பயிற்சியாளர் நினைத்தாலோ ஒரு வருஷம் வெளியே உட்காரலாம். அதற்கு ‘ரெட்ஷர்ட்’ என்று பெயர். அவ்வளவுதான் சலுகை. கடிகாரம் நின்றால் கல்லூரி ஆட்டம் முடிந்தது. பெரும்பாலானவர்களுக்கு அத்தோடு ஆட்டமே முடிந்தது. தொழில்முறை அணிகளில் இடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கு ஓரிருவர்கூடத் தேறுவது சந்தேகம்.

அந்தக் கடிகாரம் 2020 மார்ச் 12 அன்று நின்றது. அன்றைக்கு ஆண், பெண் கூடைப்பந்து தேசியப் போட்டிகள் இரண்டையும், குளிர்காலம், வசந்தகாலம் இரண்டிலும் மிச்சமிருந்த அத்தனை தேசியப் போட்டிகளையும் என்.சி.ஏ.ஏ. ஒரே அறிவிப்பில் ரத்து செய்தது. ‘மார்ச் பைத்தியம்’ என்று அமெரிக்கர்கள் செல்லமாக அழைக்கும் கூடைப்பந்துப் போட்டிதான் அந்தச் சங்கத்தின் பணப்பெட்டி. அது திறக்காமல் போனதால், கல்லூரிகளுக்கு அந்த வருஷம் பிரித்துக்கொடுக்க வேண்டிய சுமார் 60 கோடி டாலர், 22.5 கோடி டாலராகச் சுருங்கியது. பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தக் கணக்கு உண்டு.

ஆட முடியாமல் போன மாணவர்களுக்கு என்ன பரிகாரம்? மார்ச் 30 அன்று கூடிய முதல் பிரிவுக் கவுன்சில் ஒரு முடிவு எடுத்தது. பேஸ்பால், சாஃப்ட்பால், தடகளம், டென்னிஸ், படகோட்டம் போன்ற வசந்தகால ஆட்டக்காரர்களுக்கு இன்னொரு சீசன் கொடுக்கக் கல்லூரிகளுக்கு அனுமதி. குளிர்கால ஆட்டக்காரர்களுக்குக் கிடையாது. அவர்களுடைய சீசன் ஏறத்தாழ முடிந்துவிட்டது என்பது வாதம். காகிதத்தில் சரிதான். ஆனால் கூடைப்பந்துக்காரனிடம் நவம்பரில் ஆடிய ஆட்டமும் மார்ச்சில் ஆடும் ஆட்டமும் ஒன்று என்று யார் போய்ச் சொல்வது? பத்தாம் வகுப்பில் காலாண்டு, அரையாண்டு எல்லாம் எழுதியாகிவிட்டதே, முழுப் பரீட்சை எதற்கு என்று கேட்பது போன்றது அது.

ஆரகன் பல்கலைக்கழகத்தின் சப்ரீனா யோனெஸ்கூ இதற்கு நல்ல உதாரணம். 2019-லேயே தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கலாம். முடிக்க வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது என்று சொல்லி நான்காவது வருஷத்துக்குத் திரும்பி வந்தார். பாக்கி என்று அவர் சொன்னது தேசியக் கோப்பை. அணி 31 வெற்றி, 2 தோல்வி என்று வந்து நின்றது. கல்லூரிக் கூடைப்பந்தில் ஆணோ பெண்ணோ அதுவரை யாரும் தொடாத இடத்தை — 2,000 புள்ளி, 1,000 பாஸ், 1,000 ரீபவுண்ட் — அவர் பிப்ரவரியில் தொட்டார். மார்ச்சில் போட்டியே இல்லை. அடுத்த மாதம் தொழில்முறை அணிகளின் தேர்வில் முதல் பெயராக நியூயார்க் அணி அவரை எடுத்துக்கொண்டது. ஆகவே அவருக்காகக் கண்ணீர் விட வேண்டாம். ஆனால் அதே மார்ச்சில் அதே போட்டியை இழந்த மற்ற கடைசி வருஷ ஆட்டக்காரர்களுக்கு நியூயார்க்கும் இல்லை, இன்னொரு வருஷமும் இல்லை.

வசந்தகாலக்காரர்களுக்குக் கிடைத்த அந்த வருஷமும் முழு வருஷமாக வரவில்லை. ஆடலாம் என்று சங்கம் சொன்னது. பணம் கொடுப்பதைக் கல்லூரியின் இஷ்டத்துக்கு விட்டது. பழைய ஸ்காலர்ஷிப்பையே தரலாம், குறைத்துத் தரலாம், ஒன்றும் தராமலும் இருக்கலாம். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் போன்ற வசதியான இடமே, தன் கடைசி வருஷ வசந்தகால ஆட்டக்காரர்களுக்கு இந்தச் சலுகையைக் கேட்கப்போவதில்லை என்று ஏப்ரலில் சொல்லிவிட்டது.

இங்கே பேஸ்பாலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரன் என்றால் எல்லாம் இலவசம் என்று வெளியில் ஒரு நினைப்பு இருக்கிறது. கால்பந்திலும் கூடைப்பந்திலும் அது பெருமளவு உண்மை. பேஸ்பாலில் ஒரு அணிக்கு அப்போது அனுமதிக்கப்பட்டது 11.7 ஸ்காலர்ஷிப். பதினொன்றே முக்காலுக்கும் குறைவான அதை 27 பேர் வரை பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கால் பங்கு கிடைத்தவர்கள், மீதி முக்கால் பங்கை அப்பா அம்மா கட்டுகிறவர்கள், கடன் வாங்கிப் படிக்கிறவர்கள் — அணியில் பாதிப்பேர் இப்படித்தான். அந்தப் பையனுக்கு ‘இன்னொரு வருஷம் ஆடு’ என்றால், இன்னொரு வருஷம் ஃபீஸ் கட்டு என்றும் அர்த்தம். நாடே வேலை இழந்து வீட்டில் உட்கார்ந்திருந்த 2020-ல்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். 2020 ஆகஸ்டில் இலையுதிர்கால ஆட்டக்காரர்களுக்கும், அக்டோபரில் குளிர்கால ஆட்டக்காரர்களுக்கும் ஒட்டுமொத்தமாக ஒரு உத்தரவு வந்தது. 2020-21 சீசன் யாருடைய கணக்கிலும் சேராது. ஆடினாலும் சேராது, ஆடாவிட்டாலும் சேராது. இரண்டு ஆட்டம் ஆடியவரும், எல்லா ஆட்டமும் ஆடிக் கோப்பையைத் தூக்கியவரும் அந்த வருஷத்தைத் திரும்பப் பெற்றார்கள். ஆன்டுவான் டேவிஸும் அந்த சீசனில் ஆடிக்கொண்டுதான் இருந்தார். புள்ளிகள் கணக்கில் ஏறின. வருஷம் மட்டும் ஏறவில்லை.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது புரியாத விஷயமல்ல. எந்த ஆட்டம் நடக்கும், எது ரத்தாகும் என்று வாரத்துக்கு வாரம் தெரியாத நிலை. சீசன் வீணாகிவிடும் என்று பயந்து ஆட்டக்காரர்கள் ஒதுங்கிவிட்டால் டெலிவிஷனுக்குக் காட்ட ஆட்டம் இருக்காது. ‘தைரியமாக ஆடுங்கள், கணக்கில் வராது’ என்பது மாணவனுக்குத் தந்த ஆறுதல் என்பதைவிட, சீசனைக் காப்பாற்றப் போட்ட முன்பணம் என்பதே பொருத்தம்.

ஆக, 2020 மார்ச்சில் உண்மையிலேயே கோப்பையை இழந்த குளிர்காலக்காரருக்கு ஒன்றுமில்லை. அடுத்த வருஷம் முழு சீசன் ஆடியவருக்கு ஒரு வருஷம் லாபம். இதைவிடக் கொடுமை ஐவி லீக் எனப்படும் ஹார்வர்ட், யேல் வகையறா எட்டுக் கல்லூரிகளில். 2020-21-ல் கூடைப்பந்தும் கால்பந்தும் அங்கே அறவே கிடையாது. ஆனால் பட்டம் வாங்கிய பிறகு முதுகலை மாணவராக இருந்துகொண்டு ஆடக்கூடாது என்பது அந்த லீக்கின் பரம்பரை விதி. எனவே நாட்டிலேயே முழுமையாகச் சீசனை இழந்தவர்களால், தொலைந்த வருஷத்தைச் சொந்தக் கல்லூரியில் ஆடித் தீர்க்க முடியவில்லை. சிலர் படிப்பை ஒரு வருஷம் நிறுத்திவைத்தார்கள். சிலர் பட்டத்தோடு வேறு கல்லூரிக்குப் போனார்கள். ஒரே ஒரு முறை மட்டும் விதிவிலக்கு என்று லீக் மனமிரங்கியது 2021 பிப்ரவரியில். அதற்குள் பலர் முடிவெடுத்துவிட்டிருந்தார்கள்.

இதெல்லாம் கல்லூரிக்கு உள்ளே இருந்தவர்களின் கதை. வாசலில் நின்றுகொண்டிருந்தவர்களைப் பற்றி அப்போது யாரும் அதிகம் பேசவில்லை.

ஒரு அணியில் வருஷத்துக்குக் கால்வாசிப் பேர் வெளியேறுவார்கள், அந்த இடத்துக்குப் பள்ளியிலிருந்து புதியவர்கள் வருவார்கள் என்பதுதான் ஏற்பாடு. வெளியேற வேண்டியவர்கள் வெளியேறவில்லை. 2020-ல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களாவது ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். மாட்டிக்கொண்டது 2021-ல் முடித்தவர்கள். 2020 மார்ச்சிலிருந்து 2021 மே முடிய, பயிற்சியாளர்கள் எந்தப் பள்ளி மாணவரையும் நேரில் போய்ப் பார்க்கக் கூடாது, வரவழைக்கவும் கூடாது என்று தடை. ஆட்டத்தைப் பார்க்காமல் ஆளை எப்படி எடுப்பது? வீடியோ அனுப்பினார்கள். ஆனால் பார்க்காத பதினேழு வயதுப் பையனைவிட, நான்கு வருஷம் பார்த்துப் பழகிய இருபத்திரண்டு வயது ஆள் மேல் என்று நினைப்பதில் பயிற்சியாளரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கும் வேலை போகாமல் இருக்க வேண்டும்.

பேஸ்பாலில் நெரிசல் இரட்டிப்பானது. தொழில்முறை லீக் வருஷா வருஷம் நடத்தும் ஆள்தேர்வு 2019-ல் 40 சுற்று; 2020-ல் செலவைக் குறைக்க 5 சுற்று. மொத்தம் 160 பேர். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போயிருக்க வேண்டிய வழி அடைபட்டது. அவர்களும் கல்லூரிக்கே திரும்பினார்கள். பட்டியலில் 35 பேருக்கு மேல் கூடாது என்ற விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. பெஞ்சில் உட்கார இடமில்லாத அணிகளில், புதிதாகச் சேர்ந்த பையன்கள் ஒரு பந்துகூட எறியாமல் வருஷத்தைக் கழித்தார்கள். அவர்களுக்கும் அந்த வருஷம் கணக்கில் வராதுதான். ஆனால் ஆடாத வருஷம் திரும்பக் கிடைத்து என்ன, அதே வரிசையில் இன்னும் பின்னால் நிற்பதற்கா?

ஸ்காலர்ஷிப் விஷயத்திலும் கைகொடுத்தது பாதி தூரம்தான். அதே கல்லூரியில் தங்கிய ஐந்தாம் வருஷக்காரர்களை 2021-22-ல் மட்டும் வரம்பில் சேர்க்க வேண்டாம் என்றார்கள். ஆனால் கூடுதல் வருஷம் பெற்றவர்கள் ஒரு வகுப்பு அல்ல, நான்கு வகுப்பு. 2020-ல் முதலாண்டில் சேர்ந்தவர் அந்தச் சலுகையைப் பயன்படுத்தியது 2024-25-ல். அதுவரை ஒவ்வொரு வருஷமும் வாசலில் நின்றவர்களில் சிலருக்குக் கதவு சாத்தியே இருந்தது.

இந்தச் சிக்கல் விளையாட்டுக்கு மட்டும் உரியதல்ல என்பது நமக்குத் தெரியும். 2020 அக்டோபர் 4 அன்று சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வைக் கடைசி வாய்ப்பாக எழுதியவர்கள், தொற்றுக் காலத்தில் தயாராக முடியவில்லை, இன்னொரு வாய்ப்பு வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட் 2021 பிப்ரவரி 24 அன்று மறுத்துவிட்டது. எல்லோருக்கும்தான் கஷ்டம், சிலருக்கு மட்டும் சலுகை கொடுத்தால் மற்றவர்களுக்கு அநியாயம் என்பது எதிர்த்தரப்பின் வாதம். மாறாக, ராணுவத்துக்கு ஆள் எடுப்பது இரண்டு வருஷம் நின்றுபோய், 2022 ஜூனில் அக்னிபத் திட்டத்தை 21 வயது வரம்போடு அறிவித்தபோது, விடிகாலையில் ஓடிப் பழகிக் காத்திருந்த பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். இரண்டே நாளில், அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் வரம்பு 23 ஆனது. பரீட்சைக்காரர்களுக்கு ஒரு நியாயம், பட்டாளத்துக்காரர்களுக்கு ஒரு நியாயமா என்று கேட்கலாம். ஒரு வித்தியாசம் இருக்கிறது. பரீட்சை நடந்தது, ராணுவத் தேர்வு நடக்கவே இல்லை. நடக்காததைத் திருப்பித் தருவது ஒன்று, நடந்ததை இல்லையென்று எழுதுவது இன்னொன்று. என்.சி.ஏ.ஏ. முதலில் செய்தது பெரும்பாலும் முன்னது. அக்டோபரில் செய்தது பின்னது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் 2021-க்குத் தள்ளிப்போனபோது ஆண்கள் கால்பந்தில் 23 வயது வரம்பை ஒரு வருஷம் நகர்த்தி, 1997-ல் பிறந்தவர்களை அனுமதித்ததும் முன்னதன் ரகம்தான். போட்டி எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவே வரம்பும் நகர்ந்தது.

திருப்பிக் கொடுத்த வருஷத்தின் மதிப்பும் நடுவில் மாறிப்போயிற்று. 2020-ல் அது செலவு: கல்லூரிக்கும் செலவு, பெற்றோருக்கும் செலவு. 2021 ஜூலை 1 முதல், ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்றுச் சம்பாதிக்கலாம் என்று என்.சி.ஏ.ஏ. வழிவிட்டது. அதே வருஷம் கல்லூரி மாறுவதும் சுலபமாயிற்று. கூடுதல் வருஷம் இப்போது சொத்து. ஜார்ஜியாவின் குவார்ட்டர்பேக் ஸ்டெட்சன் பென்னட் 2023 ஜனவரியில் இரண்டாவது தேசியப் பட்டத்தை வாங்கியபோது அவருக்கு வயது 25. கேம் மெக்கார்மிக் என்பவர் 2016-ல் ஆரகனில் சேர்ந்து, ரெட்ஷர்ட், காயம், கொரோனா என்று எல்லாக் கணக்கும் போட்டு, மயாமி அணிக்காக 2024-ல் ஒன்பதாவது வருஷம் ஆடினார். காயத்தோடு அவர் பட்ட பாட்டைப் பார்த்தால் சிரிக்கத் தோன்றாது. ஆனாலும் ஒன்பது வருஷம்!

வேண்டாம் என்று சொன்னவரும் உண்டு. அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் சேர்ந்தது 2020-ல். அவருக்கும் ஐந்தாவது வருஷம் காத்திருந்தது. 2024 பிப்ரவரி கடைசி நாளில் தனக்கு அது தேவையில்லை என்று அறிவித்தார். மூன்று நாள் கழித்து, மார்ச் 3 அன்று, மாரவிச்சின் 3,667-ஐத் தாண்டினார், நான்காவது சீசனிலேயே. மூன்று புள்ளியில் விட்ட டேவிஸ் இதை எப்படிப் பார்த்தாரோ.

விதியில் ஒரு தடவை துளை விழுந்துவிட்டால், அது ஏன் இவ்வளவு பெரிசு, இன்னும் கொஞ்சம் பெரிசாக ஏன் கூடாது என்று கேட்க ஆள் வராமல் இருக்காது. வேன்டர்பில்ட்டின் குவார்ட்டர்பேக் டியேகோ பாவியா கோர்ட்டுக்குப் போனார். என்.சி.ஏ.ஏ.வில் சேராத ஜூனியர் கல்லூரியில் ஆடிய காலத்தை என்.சி.ஏ.ஏ. கணக்கில் ஏன் சேர்க்க வேண்டும், ஒரு சீசன் போனால் அதோடு வருமானமும் போகிறதே என்பது அவர் வழக்கு. 2024 டிசம்பரில் டென்னஸி மாநிலத்தில் ஃபெடரல் நீதிபதி அவர் பக்கம் தடையுத்தரவு போட்டார். சங்கம் மேல்முறையீடு செய்தது. கூடவே, அவரைப்போன்ற நிலையில் இருந்த மற்றவர்களுக்கும் 2025-26-க்கு ஒரு வருஷம் கொடுத்துவிட்டது. இனி தீர்ப்புச் சொல்ல என்ன இருக்கிறது என்று மேல்முறையீட்டை 2025 அக்டோபரில் தள்ளுபடி செய்தார்கள். பாவியா அந்த சீசனை ஆடி, நாட்டின் சிறந்த கல்லூரிக் கால்பந்து வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தார். அதற்குள் வேறு கோர்ட்டுகளில் இதேபோல வழக்குகள் குவிந்துவிட்டன. ஒரு நீதிபதி சரி என்கிறார், பக்கத்து மாநிலத்தில் இன்னொருவர் இல்லை என்கிறார்.

கொரோனா வருஷத்துக்காரர்கள் ஏறக்குறைய எல்லோரும் இப்போது வெளியேறிவிட்டார்கள். அதனால் வாசல் அகலமாகிவிட்டது என்று பள்ளிப் பிள்ளைகள் நினைத்தால் அது தப்பு. ஆட்டக்காரர்களுக்குக் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்ற சமரசத்தை 2025 ஜூனில் கோர்ட் ஏற்றது. முதல் வருஷத்தில் ஒரு கல்லூரிக்கு 2.05 கோடி டாலர் வரை. அதே சமரசத்தில், இத்தனை ஸ்காலர்ஷிப் என்ற பழைய வரம்பு போய், அணியில் மொத்தமே இத்தனை பேர் என்ற புதிய வரம்பு வந்தது. சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில் பேஸ்பால் அணிக்கு 34 பேர். 2020-ல் போதவில்லை என்று தளர்த்திய பழைய எண்ணைவிட ஒன்று குறைவு.